பத்தடி பிளாஸ்டிக் கயாக்: அட்டப்பாடி பவானிக்கு ஒத்து வருமா?

வாங்கலாம். ஆனால் கடைக்காரர் சொல்கிற காரணத்துக்காக அல்ல. "உட்கார்ந்த இடத்திலிருந்தே தூண்டில் போடலாம்" என்று சொல்லித்தான் இந்தப் படகை விற்கிறார்கள். மலம்புழா அணையிலோ கொச்சிக் காயலிலோ அது உண்மைதான். கேரளத்து அட்டப்பாடியில் கல்லும் சரிவுமாக இறங்கி வருகிற பவானியில், இது ஒரு கயத்திலிருந்து (ஆற்றின் ஆழமான மடு) அடுத்த கயத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வண்டி மட்டுமே. மீன்பிடிப்பில் பாதிக்கு மேல் படகைக் கரையேற்றி, இறங்கி நின்றுதான் நடக்கும். இதை ஒத்துக்கொண்டு பார்த்தால், எந்த வசதிக்குக் காசு கொடுக்க வேண்டும், எது வெறும் அலங்காரம் என்பது சட்டென்று பிரிந்துவிடும்.

படகைப் பற்றி. ஒருவர் உட்காரும் சிட்-ஆன்-டாப் வகை, அதாவது உள்ளே புகாமல் மேல்தளத்தில் உட்காருவது. நீளம் 10 அடி, அகலம் 31 அங்குலம், எடை 25 கிலோவை ஒட்டி. பாலிஎதிலீன் பொடியை அச்சில் போட்டுச் சூட்டில் சுழற்றி வார்க்கிற ரோட்டோமோல்டிங் முறையில் செய்தது. நம் ஊர் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி தயாராகிற அதே முறைதான். இருக்கைக்குப் பின்னால் ராட் (தூண்டில் கழி) செருக இரண்டு குழி, முன்னால் திருகித் திருப்பும் ராட் ஹோல்டர் ஒன்று, நடுவில் கைப்பெட்டி அளவுக்கு ஒரு மூடி, பின்புறம் இழுகயிறு கட்டிய சாமான் குழி. கொச்சியிலும் கோவையிலும் இணையத்திலும் ஏறக்குறைய இதே உருவம் பல பெயர்களில் கிடைக்கிறது. மாறுவது இருக்கையும் மூடியின் தரமும்தான். அதனால் பெயரை விட்டுவிட்டு உருவத்தை மட்டும் பார்ப்போம்.

இந்த வகை மீன்பிடிப்புக்கு முன்மாதிரி அமெரிக்காவின் அப்பலேச்சியன் மலையாறுகளில் இருக்கிறது. வர்ஜீனியாவில் ஜேம்ஸ், ஷெனாண்டோவா, நியூ ரிவர் ஆகிய ஆறுகளில் ஸ்மால்மவுத் பாஸ் என்ற மீனைத் தேடிக் கயாக்கில் நாள் முழுக்க ஆற்றோடு இறங்கிப் போவார்கள். குளிர்ந்த, தெளிந்த, கல் படுகை கொண்ட நீரில் வாழும் மீன் அது. ஓட்டத்துக்கு நடுவே கிடக்கும் பாறையின் மறைவில் ஒதுங்கி நின்று, அடித்து வருகிற நண்டையும் சிறு மீனையும் பாய்ந்து பிடிக்கும். அந்த மீன் நம் ஆற்றில் இல்லை, வரவும் வேண்டாம். 2018 வெள்ளத்தில் பண்ணைகளிலிருந்து தப்பிய அரபைமா என்ற அயல்மீன் கேரள ஆறுகளில் அகப்பட்டதே போதும். ஆனால் ஆற்றைப் படிக்கிற விதமும் படகைக் கையாளுகிற விதமும் அப்படியே இங்கே பொருந்துகின்றன. நம் பக்கத்துப் பொம்மீனும் (மஹசீர்) கல்கெண்டையும் அதே பாறை மறைவைத்தான் தேடுகின்றன.

முக்காலியில் வடகிழக்காக மடங்கி, தெற்கிலிருந்து வரும் சிறுவாணியையும் சேர்த்துக்கொண்டு, முள்ளிப் பக்கம் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது பவானி. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடுகிற ஆறுகள் கபினி, பவானி, பாம்பாறு மூன்றுதான். இந்த ஆற்றின் குணம் இதுதான்: ஐம்பது நூறு மீட்டருக்கு ஆழமான கயம், அதன் வாலில் முழங்கால் ஆழக் கல் திட்டு, பிறகு ஒரு சரிவு, மறுபடி கயம். படகின் ஒவ்வொரு அம்சத்தையும் இந்த வரிசையில் வைத்துத்தான் எடை போட வேண்டும்.

முதலில் நீளம். கடையில் 12, 13 அடிப் படகும் காட்டுவார்கள். நேராக ஓடும், வேகம் அதிகம் என்பார்கள். அணைக்கு அது நல்லது. இங்கே இரண்டு பாறைக்கு நடுவே ஆறடி இடைவெளியில் புகுந்து உடனே இடது பக்கம் திரும்ப வேண்டியிருக்கும். பத்தடிப் படகு இரண்டு மூன்று துடுப்பு வீச்சில் திரும்பிவிடுகிறது. அடிப்பாகம் முன்னும் பின்னும் சற்று மேல்நோக்கி வளைந்திருக்கிறதா என்று தரையில் வைத்துப் பாருங்கள். வளைவு இருந்தால் எளிதாகத் திரும்பும், கல்லில் ஏறினாலும் வழுக்கி இறங்கும். தட்டையாக இருந்தால் நடுவயிறு கல்லில் உட்கார்ந்துகொள்ளும். சுக்கான் பொருத்திய மாடலுக்குக் கூடுதல் பணம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். முதல் கல் திட்டிலேயே அது வளைந்துவிடும்.

எடை தாங்கும் திறன் 150 கிலோ என்று அட்டையில் போட்டிருப்பார்கள். அது மூழ்காமல் மிதக்கிற அளவு. துடுப்புப் போடுகிற அளவு அல்ல. மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 100 கிலோ வரை சுமந்தால்தான் படகு சொன்னபடி கேட்கும். ஆள் 80 கிலோ, சாமான் 8 கிலோ, தண்ணீரும் சாப்பாடும் 4 கிலோ என்றால் சரியாக இருக்கும். 95 கிலோ ஆள் ஏறினால் அடிப்பக்க வடிகால் துளைகள் வழியாகத் தண்ணீர் மேலே ஏறி இருக்கையை நனைத்துக்கொண்டே இருக்கும். ரப்பர் அடைப்பான் போட்டு மூடலாம். ஆனால் சரிவில் இறங்கும்போது மேலே விழுகிற தண்ணீர் வடிய வழியில்லாமல் மடி நிறையத் தேங்கும், படகு தள்ளாடும். கயத்தில் அடைப்பான், சரிவுக்கு முன் எடுத்துவிடுவது என்ற பழக்கம் வேண்டும். அதுவும் தொல்லை என்றால் பின்புறத் துளைகளை மட்டும் எப்போதும் திறந்தே வைக்கலாம்.

இருக்கை விஷயத்தில் கடைக்காரர்கள் காட்டுகிற உற்சாகத்துக்கு அளவில்லை. அலுமினியச் சட்டத்தில் வலை போட்ட உயர இருக்கை முதுகுக்குச் சுகம், தூண்டில் வீசவும் வாகு. ஆனால் உட்காரும் இடம் நான்கைந்து அங்குலம் உயர்ந்தாலே படகின் நிலைப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. உயரமும் தாழ்வும் மாற்றிப் போடுகிற வசதி இருந்தால் மட்டுமே அதை எடுங்கள். சரிவில் தாழ்வாகத்தான் உட்கார வேண்டும். இல்லையென்றால் நான்கு பித்தளைக் கொக்கியில் மாட்டும் சாதாரண ஃபோம் இருக்கையே போதும். அரை மணிக்கொருமுறை இறங்கி நிற்கப்போகிற ஆற்றில் சொகுசு இருக்கை வீண். 31 அங்குல அகலத்தில் எழுந்து நின்று தூண்டில் வீசலாம் என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். ஓடாத நீரில் பழகியவர்களுக்கு முடியும். ஓடுகிற நீரில், படகு ஒரு கல்லைத் தொட்ட மறுநொடி ஆள் தண்ணீரில் இருப்பார்.

கூடவே தருகிற துடுப்பு இந்தத் தொகுப்பில் மிக மோசமான பகுதி. அலுமினியத் தண்டு, 215 அல்லது 220 சென்டிமீட்டர் நீளம். இந்த அகலத்துக்கு 230 வேண்டும். குட்டைத் துடுப்பானால் ஒவ்வொரு வீச்சிலும் விரல் படகு விளிம்பில் இடிக்கும், சரியாக எட்டாமல் உடம்பைச் சாய்க்க வேண்டிவரும். நடு இணைப்பில் மணல் புகுந்தால் கழற்ற முடியாமல் இறுகிவிடும். எண்ணெய் போடாதீர்கள், மணல் இன்னும் ஒட்டும். நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்தால் போதும். முடிந்தால் ஃபைபர்கிளாஸ் தண்டு வாங்கிவிட்டு, பழையதைப் பின்குழியில் மாற்றுத் துடுப்பாகக் கட்டி வையுங்கள். இரண்டாவது துடுப்பு இல்லாமல் மலையாற்றில் இறங்குவது சரியல்ல.

அடுத்தது நங்கூரம். இதில்தான் உயிர் போகும். அணைக்காக விற்கிற மடக்கு நங்கூரமும் கப்பிக் கயிறும் இந்தப் படகோடு சலுகை விலையில் தருகிறார்கள். ஓடும் ஆற்றில் அதைப் போட்டால் நங்கூரம் கல் இடுக்கில் மாட்டும், கயிறு விறைக்கும், நீரோட்டம் படகைப் பக்கவாட்டில் திருப்பும், நீர் வருகிற பக்க விளிம்பு தண்ணீருக்குள் அழுந்தும், படகு கவிழும். அறுத்துவிட நேரமே இருக்காது. அப்பலேச்சியன் ஆறுகளில் சிலர் ஒரு துண்டுச் சங்கிலியை வால்பக்கம் இழுத்து வேகத்தைக் குறைப்பது உண்டு. அதுவும் மணலும் பொடிக்கல்லும் கிடக்கிற படுகைக்குத்தான் சரி. நம் பாறை இடுக்குகளுக்கு வேண்டாம். துடுப்பைப் படகோடு கட்டுகிற சுருள் கயிறும் அப்படித்தான். கவிழ்ந்தால் காலில் சுற்றும். ஓடும் ஆற்றில் படகில் தொங்குகிற, இழுபடுகிற கயிறு எதுவுமே இருக்கக் கூடாது.

நங்கூரம் இல்லாமல் எப்படி நிற்பது? பாறை மறைவில். ஓட்டத்தின் நடுவே பெரிய பாறை இருந்தால் அதன் கீழ்ப்பக்கம் தண்ணீர் மடங்கிப் பாறையை நோக்கியே திரும்பி ஓடும். ஓடுகிற நீரும் மடங்குகிற நீரும் உரசுகிற கோடு மேலே நுரையாகத் தெரியும். அந்தக் கோட்டை மெதுவாக நெருங்கினால் படகு வெளியே தள்ளப்படும். வேகம் பிடித்து 45 பாகை சாய்வில் வெட்டி நுழைய வேண்டும். நுழைந்த நொடியில் படகு திரும்புகிற பக்கமே உடம்பைச் சாய்க்க வேண்டும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் கவிழ்வு நிச்சயம். உள்ளே போய்விட்டால் படகு முகத்தை ஆற்றின் மேல்திசையை நோக்கி வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். பத்தடி நீளம் இதற்கு அளவெடுத்தது போல. அங்கிருந்து அந்தக் கோட்டை ஒட்டித் தூண்டில் போடலாம். ஒன்று கவனிக்க வேண்டும்: ஓட்டத்தில் நிற்கிற மீன் ஆற்றின் மேல்திசையைப் பார்க்கும், மடங்கிய நீரில் நிற்கிற மீன் கீழ்திசையைப் பார்க்கும். இரை வருகிற திசையைத்தான் அது பார்த்து நிற்கும். லூர் (செயற்கை இரை) மீனின் வால்பக்கமிருந்து வந்தால் சிதறி ஓடும்.

பக்கவாட்டில் பாறையில் மோதிவிட்டால் பயந்து நீர் வருகிற பக்கம் சாய்வது மனித சுபாவம். அதைச் செய்யக் கூடாது. பாறையைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி பாறைப் பக்கமே சாயுங்கள்; தண்ணீர் படகுக்கு அடியில் போய்விடும், கையால் தள்ளி நகர்த்தலாம். கவிழ்ந்துவிட்டால் நீர் வருகிற பக்கம், படகுக்குப் பின்னாலேயே இருங்கள். தண்ணீர் நிறைந்த படகுக்கும் பாறைக்கும் நடுவே சிக்கினால் எந்தப் பலமும் உதவாது. மல்லாந்து, காலை நீட்டிப் பாதம் நீர் ஓடுகிற திசையில் இருக்கும்படி மிதந்து போங்கள். முழங்காலுக்கு மேல் ஓடுகிற நீரில் எழுந்து நிற்க முயலாதீர்கள். கல் இடுக்கில் பாதம் மாட்டினால் நீரோட்டம் ஆளை முன்னால் அமுக்கிவிடும். விழுந்து கிடக்கும் மூங்கிலும் தடுப்பணையின் கீழ்ப்பக்கச் சுழலும் அதே அளவு ஆபத்தானவை. இரண்டையும் கண்டால் முன்கூட்டியே கரையேறி, படகைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போவதுதான் ஒரே வழி. 25 கிலோ எடையின் அருமை அப்போது புரியும். 35 கிலோப் படகைத் தனியாளாக அந்தக் கல்லில் தூக்க முடியாது. லைஃப் ஜாக்கெட் முதுகுப்பக்கம் மெல்லியதாக, இருக்கையில் இடிக்காததாக வாங்குங்கள். சுற்றுலாப் படகில் கொடுக்கிற ஆரஞ்சுச் சட்டையில் துடுப்புப் போட முடியாது, கழற்றி வைத்துவிடுவீர்கள். தலைக்கவசமும் வேண்டும்.

மீன்பிடிச் சாமானைக் குறைவாக வைத்தால் படகு நன்றாக இருக்கும். ஆறரை அடி, இரண்டு துண்டாகப் பிரிகிற மீடியம் ராட் இரண்டு; 2500 அல்லது 3000 அளவு ஸ்பின்னிங் ரீல்; 20 பவுண்டு பிரெய்டு (பின்னல்) நூல், முனையில் மூன்று அடி ஃப்ளூரோகார்பன் நூல். பாறையில் உரசினால் பிரெய்டு அறுந்துபோகும், அதனால்தான் அந்த மூன்று அடி. மூன்றாம் எண் ஸ்பின்னர், 10 முதல் 14 கிராம் ஸ்பூன், ஐந்தாறு சென்டிமீட்டர் கிராங்க்பெய்ட் ஆகிய லூர்கள் போதும். கல்கெண்டைக்கு இதெல்லாம் கூட வேண்டாம். வேகவைத்த ராகி உருண்டையும் பொறுமையும் உள்ளவருக்கு அதிகம் கிடைக்கும். பின்குழியில் ராடைச் செங்குத்தாகச் செருகும் வசதியை விளம்பரப் படத்தில் பெரிதாகக் காட்டுகிறார்கள். கரையிலிருந்து மூங்கில் வளைந்து தொங்குகிற ஆற்றில் அது முதல் வளைவிலேயே ராடை முறிக்கும். சரிவுக்கு முன் ராடைப் படுக்கவைத்து, முள்ளுக்கு உறை போட்டு, பக்கவாட்டில் வெல்க்ரோ பட்டையால் கட்டுங்கள். முன்பக்கத் திருகு ஹோல்டரைக் கழற்றிவிடலாம். ஏறி இறங்கும்போது காலில் இடிப்பதைத் தவிர அது வேறொன்றும் செய்வதில்லை.

லூரில் வருகிற மும்முள்ளைக் கழற்றி, கொக்கிப்பல் இல்லாத ஒற்றை முள் மாட்டுவது இங்கே கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காவிரிப் படுகையின் திமில் பொம்மீன், அறிவியல் பெயரில் டோர் ரெமாதேவி, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் மிக அருகிய இனம். அந்தப் பெயர் வைக்கப்பட்டதே பாம்பாற்று மீனைப் பார்த்துத்தான். பவானியும் அதே படுகை. பொம்மீன் எந்த வகையானாலும் தண்ணீருக்குள் வைத்தே முள்ளை எடுத்து, ரப்பர் வலையில் முகம் நீரோட்டத்தை எதிர்நோக்கும்படி நிற்கவைத்து, தானாக நீந்திப் போகும்வரை பிடித்திருந்து விடுங்கள். இதற்கு இந்தப் படகு உதவுகிறது: உட்காரும் இடம் நீர்மட்டத்தை ஒட்டி இருப்பதால் மீனைத் தூக்கவே தேவையில்லை.

பருவம் பற்றிச் சுருக்கமாக. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை. ஆற்றில் இறங்கக் கூடாது. புதுவெள்ளத்தில் முட்டையிட ஏறுகிற மீனைப் பிடிக்கிற ஊத்தப் பிடிப்புக்குக் கேரளத்தில் தடையும் உண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மார்ச்சுக்குப் பிறகு கல் திட்டுகளில் படகை இழுத்து இழுத்தே நாள் போய்விடும். கிழக்கு அட்டப்பாடி மழைமறைவுப் பகுதி. அகளியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே மேலே நீலகிரி, சைலண்ட் வேலிப் பக்கம் மழை கொட்டியிருக்கலாம். தெளிந்த நீர் கலங்குவது, சருகும் நுரையும் திடீரென்று மிதந்து வருவது, கல்லில் ஈரக்கோடு மறைவது ஆகியவை தெரிந்தால் அந்த நிமிடமே கரையேற வேண்டும். காட்டு எல்லைக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் போக முடியாது. தேசியப் பூங்காவுக்குள் தூண்டில் என்ற பேச்சே இல்லை. இறங்குமிடம் தனியார் தோட்டமானால் அந்த அண்ணாச்சியிடமோ சேட்டனிடமோ முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் யானைகளுக்கு உரியது இந்த ஆறு.

காற்றடிக்கும் கயாக் இதைவிட மலிவு, பையில் மடித்து பஸ்ஸிலேயே கொண்டுபோகலாம், கல்லில் மோதினால் துள்ளி விலகும். இந்த மூன்றும் உண்மை. ஆனால் மெல்லிய பிவிசி மாடல்களின் தரை மெத்தைபோல் தொய்யும், எதிர்க்காற்றில் கயத்தைக் கடக்கவே முடியாது, மூங்கில் முள்ளோ தூண்டில் முள்ளோ ஒன்று போதும். தரை விறைப்பாக நிற்கிற ட்ராப்-ஸ்டிச் வகை வேறு தரம்; கார் இல்லாதவர் அதைத்தான் பார்க்க வேண்டும்.

பிளாஸ்டிக் படகை ஏற்றிக்கொண்டு போகக் கார் கூரைக் கம்பி இரண்டு போதும். கவிழ்த்து வைத்து, கையால் இழுத்து இறுக்கும் கேம் பட்டையால் கட்டுங்கள். லாரிக்குப் போடுகிற ராட்செட் பட்டையை முறுக்கினால் வெயிலில் இளகும் பாலிஎதிலீன் உள்வாங்கிப் பள்ளம் விழும். பட்டையை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டால் ஆனைக்கட்டி ரோட்டில் காற்றில் ரீங்கரிக்காது. முன்மூக்கிலிருந்து பம்பருக்கு ஒரு கயிறு, அவ்வளவுதான். மன்னார்க்காடு சுரம் வழியாக வருகிறவர்கள் கொண்டை ஊசி வளைவுகளில் ஒருமுறை நிறுத்திக் கட்டைச் சரிபார்ப்பது நல்லது. வடிகால் துளையில் குத்தி நிற்கவைக்கிற தள்ளுவண்டியை வாங்காதீர்கள். பாரம் முழுவதும் துளையின் விளிம்பில் இறங்கும். விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

விரிசல் விட்டால் சாதாரண எபாக்ஸிப் பசையோ எம்-சீலோ நிலைத்து ஒட்டாது. பாலிஎதிலீனில் சாதாரணப் பசைகள் சரியாகப் பிடிப்பதில்லை. அதே வகைப் பிளாஸ்டிக் கம்பியை வெப்பக்காற்றில் உருக்கிப் பற்றவைக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி பழுதுபார்க்கிறவர்கள் கோவையில் இதைச் செய்வார்கள். கம்பியும் படகும் ஒரே பிளாஸ்டிக்தானா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். அடிப்பக்கக் கீறல்களைப் பற்றிக் கவலை வேண்டாம், நகம் இறங்கி நிற்கிற ஆழம் வந்தால்தான் வேலை.

கடையில் எடுக்கும்போது மூடியைத் திறந்து டார்ச் அடித்து உட்புறம் பாருங்கள். இருக்கையின் அடியிலும் வடிகால் துளைகளைச் சுற்றியும் வெளிச்சம் மற்ற இடத்தைவிடப் பளிச்சென்று ஊடுருவினால் அங்கே வார்ப்பு மெல்லியது. ராட் ஹோல்டர், கைப்பிடி ஆணிகளின் அடியில் சீலண்ட் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் ஆற்றுக்கு ஒரு குடம் தண்ணீர் உள்ளே சேரும். கடைசியாக, வாலில் உள்ள வடிகால் திருகை மூடிவிட்டு, பத்து லிட்டர் தண்ணீரை மூடி வழியாக உள்ளே ஊற்றி, படகை இருபுறமும் சாய்த்துக் கசிகிறதா என்று பாருங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாத கடையில் வாங்க வேண்டாம்.